கச்சா கிளிசரின் சுத்திகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயோடீசல் ஆலையில் கச்சா கிளிசரின் மலிவாகக் கிடைக்கிறது, அதை வாங்கிச் சுத்தம் பண்ணி விற்றால் என்ன என்ற யோசனையோடுதான் பெரும்பாலானவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் புராஜெக்டுக்காகக் கேட்பார்கள், சோப்பு போடுகிறவர்கள் செலவைக் குறைக்க வழி இருக்கிறதா என்று கேட்பார்கள். எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன். இந்தத் தொழிலில் கிளிசரினைவிட அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற உப்பு, சோப்பு, மெத்தனால் இவற்றைப் புரிந்துகொள்வதுதான் பெரிய வேலை, அதனால் பதில்களும் அந்தப் பக்கமே அதிகம் சாயும்.

கச்சா கிளிசரின் எங்கிருந்து வருகிறது?

எண்ணெய், கொழுப்பு எதை எடுத்தாலும் ஒரு கிளிசரின் மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். காஸ்டிக் சோடா போட்டு உடைத்தால் சோப்பு கிடைக்கும், அதிக அழுத்தத்தில் சுமார் 250 டிகிரியில் தண்ணீரால் உடைத்தால் கொழுப்பு அமிலம் கிடைக்கும், மெத்தனாலால் உடைத்தால் பயோடீசல் கிடைக்கும். எப்படி உடைத்தாலும் நடுவில் இருந்த கிளிசரின் தனியாக வெளியே வந்துவிடும். பயோடீசலில் கணக்கு சுலபம்: ஒரு டன் எண்ணெய்க்கு ஏறக்குறைய 100 கிலோ மெத்தனால் செலவாகும், ஒரு டன் பயோடீசலும் 100 கிலோ கிளிசரினும் வரும்.

1779-இல் ஸ்வீடனில் கார்ல் ஷீலே ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு காய்ச்சியபோது முதன்முதலாகப் பிரித்ததும் இப்படி எண்ணெயிலிருந்துதான். இடையில் 1948-இல் ஷெல் நிறுவனம் டெக்சாஸில் பெட்ரோலியத்திலிருந்து செயற்கையாகத் தயாரிக்க ஆரம்பித்தது. அப்புறம் பயோடீசல் பெருகி, கிளிசரின் வெள்ளமாக வந்து விலை விழுந்ததில், டௌ நிறுவனம் டெக்சாஸில் நடத்திய செயற்கை கிளிசரின் ஆலை 2006-இல் மூடப்பட்டது. இன்றைக்குச் சந்தையை ஆட்டுவது இந்தோனேசியா. அங்கே டீசலில் பாமாயில் பயோடீசல் கலக்கும் அளவு 2020-இல் 30 சதவீதம், 2025-இல் 40 சதவீதம் என்று அரசு ஏற்றிக்கொண்டே போகிறது. கலப்பு ஏற ஏறக் கச்சா கிளிசரினும் கூடுகிறது. உலகத்துக்கு எவ்வளவு கிளிசரின் வேண்டும் என்று பார்த்து யாரும் இதைத் தயாரிப்பதில்லை, பயோடீசல் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு வரும். விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

மூன்று வழியில் வந்தாலும் சரக்கு ஒன்றுதானே?

இல்லை. கொழுப்பைத் தண்ணீரால் உடைத்து வரும் கச்சாதான் இருப்பதிலேயே சுத்தம். 88 சதவீதம் கிளிசரின், உப்பு மிகக் குறைவு. சோப்பு ஆலையில் சோப்பைப் பிரித்தபின் மிஞ்சும் கழிவு நீரான லையிலிருந்து வருவதில் கிளிசரின் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும், சோப்பைப் பிரிக்கப் போட்ட சாப்பாட்டு உப்பு 10 சதவீதம் வரைக்கும் கூடவே நிற்கும். பயோடீசல் கச்சாவுக்கு ஒரே மாதிரி குணம் கிடையாது. நல்ல ஆலையிலிருந்து மெத்தனால் இழுத்து, ஆசிட் போட்டுச் சோப்பைப் பிரித்து அனுப்பினால் 80 சதவீதம் இருக்கும். எதுவும் செய்யாமல் ரியாக்டர் அடியிலிருந்து இறக்கி அப்படியே ட்ரம்மில் பிடித்தது என்றால் வெல்லப்பாகு மாதிரி கறுப்பாக, பாதி கிளிசரினும் மீதி சோப்பு, மெத்தனால், காரம், உடையாத எண்ணெய் என்றும் இருக்கும். இரண்டுக்கும் பில்லில் "கச்சா கிளிசரின்" என்று ஒரே பெயர்தான் போடுவார்கள்.

வாங்குவதற்கு முன்னால் ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லோரும் கிளிசரின் சதவீதத்தைப் பார்ப்பார்கள். நான் முதலில் சாம்பலையும், அப்புறம் எம்.ஓ.என்.ஜி. என்ற எண்ணையும் பார்ப்பேன். சரக்கை எரித்தால் மிஞ்சுவது சாம்பல், அது உப்பின் அளவைக் காட்டும். எம்.ஓ.என்.ஜி. என்பது கிளிசரின் அல்லாத கரிமப் பொருள், அதாவது கொழுப்பு அமிலம், சோப்பு, எஸ்டர், மெத்தனால் எல்லாம் சேர்ந்த மூட்டை. 100-லிருந்து கிளிசரின், தண்ணீர், சாம்பல் மூன்றையும் கழித்தால் வருவது இது. கிளிசரின் 80, தண்ணீர் 10, சாம்பல் 7 என்றால் எம்.ஓ.என்.ஜி. 3. உப்பை வடித்தலில், அதாவது கிளிசரினை ஆவியாக்கிப் பிடிக்கும்போது, கீழே நிறுத்திவிடலாம், இந்த 3-இல் இருப்பதோ பாதி கிளிசரினோடு சேர்ந்து ஆவியாகி மேலே வரப் பார்க்கும். அதனால் 82 சதவீதம் கிளிசரினும் 6 எம்.ஓ.என்.ஜி.யும் உள்ள சரக்கைவிட, 78 சதவீதம் கிளிசரினும் 1 எம்.ஓ.என்.ஜி.யும் உள்ள சரக்கு எனக்கு மேல்.

இன்னொன்று, சாம்பிள் எடுக்கிற விதம். ட்ரம்மைத் திறந்து மேலாக மொண்டு லேபுக்கு அனுப்பினால் ரிப்போர்ட் அழகாக வரும். உப்பு அடியில் படிந்து உட்கார்ந்திருக்கும், எண்ணெய் மேலே ஏறி நிற்கும். மேல், நடு, அடி மூன்றிலும் குழாய் விட்டு எடுத்துக் கலந்து சோதியுங்கள். டேங்கராக இருந்தால் அடி வால்வில் முதலில் வருவதைத் தனியாக ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள், அடியில் வெள்ளையாக மணல் மாதிரி எவ்வளவு தங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

முதல் படியில் ஏன் ஆசிட் போடுகிறார்கள்?

சோப்பைக் கலைக்க. கச்சாவில் கரைந்திருக்கும் சோப்பை அப்படியே விட்டால் அடுத்து எந்த வேலையும் ஓடாது. சூடு பண்ணினால் நுரை பொங்கும், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், வாக்குவம் போட்டதும் நுரை வடிகோபுரம் வழியாக ஏறிக் கண்டென்சர் வரைக்கும் போய்விடும். ஆசிட் போட்டால் சோப்பு கொழுப்பு அமிலமாக மாறி, கிளிசரினில் கரையாமல் மேலே மிதக்கும். கிளிசரினின் அடர்த்தி 1.26, கொழுப்பு அமிலத்துக்கு ஒன்றுக்கும் குறைவு, அதனால் சூடாக வைத்துக் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் தானே பிரிந்துவிடும்.

சிறிய அளவில் பார்க்க வேண்டுமென்றால், புகை இழுக்கும் அறையில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல், 100 மில்லி கச்சாவை அளவு ஜாடியில் எடுத்து, ஜாடியை 60 டிகிரி வெந்நீரில் நிறுத்தி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். பிஎச் 4-க்குக் கீழே வந்ததும் தெளிவாக இருந்தது திடீரென்று கலங்கும், அரை மணியில் மேலே கறுத்த எண்ணெய்ப் படலம் சேரும். அதன் உயரத்தைப் படித்தால் அந்த லோடில் எவ்வளவு சோப்பு இருந்தது என்று சுமாராகத் தெரிந்துவிடும். பேரம் பேசுவதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. பிரிந்த கொழுப்பு அமிலமும் வீண் இல்லை, சோப்பு ஆலைகள் வாங்கிக்கொள்ளும்.

பிறகு காஸ்டிக் போட்டு மறுபடி நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். இங்கேதான் நாமே உப்பைக் கூட்டுகிறோம், கையில் இருக்கும் காரம் எல்லாம் உப்பாகிவிடும். ஆலைக்காரர் கேட்டலிஸ்டாக, அதாவது வினையை முடுக்க, காரத்தைத் தாராளமாகப் போட்டிருந்தால் அந்தச் செலவு நம் தலையில்தான் விழும்.

எந்த ஆசிட் நல்லது?

மலிவு பார்த்தால் ஹைட்ரோகுளோரிக். ஆனால் குளோரைடும் சூடும் சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசி குத்தினது போல ஓட்டை விழும், 316 கிரேடும் இதற்கு விலக்கில்லை. சல்ஃப்யூரிக் போட்டால் வரும் சோடியம் சல்பேட் கிளிசரினில் குறைவாகவே கரையும், வடிகட்டி எடுத்துவிடலாம். பயோடீசல் ஆலை காஸ்டிக் சோடாவுக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பயன்படுத்தியிருந்தால் பாஸ்பாரிக் ஆசிட் போடலாம், பொட்டாசியம் பாஸ்பேட் படிகமாக இறங்கும், உரமாகப் போகும். பாஸ்பாரிக் விலை அதிகம், அந்த உரத்துக்கு ஆள் இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

மெத்தனாலை எப்படி எடுக்கிறார்கள்? அதில் என்ன ஆபத்து?

65 டிகிரியில் கொதிக்கிற பொருள், எடுப்பது சுலபம். ஆபத்துதான் பெரியது. மெத்தனால் 11, 12 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும், நம் ஊரில் வருஷம் முழுவதும் அதைவிடச் சூடுதான். "கிளிசரின் தானே, தீப்பிடிக்காது" என்று ட்ரம் பக்கத்தில் வெல்டிங் வைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: சுத்தமான கிளிசரினுக்கு அது சரி, கச்சாவுக்குப் பொருந்தாது. ட்ரம் வாயில் தங்கியிருப்பது மெத்தனால் ஆவி.

மீட்டெடுத்த மெத்தனாலின் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு வையுங்கள். தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்க 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தில். ஒரு ட்ரம் வெளியே போனால் அது எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும், இதில் அலட்சியத்துக்கு இடமே கிடையாது.

தண்ணீரை ஆவியாக்குவதில் என்ன பெரிய விஷயம்?

நீராவிச் செலவு. கொழுப்பு உடைக்கும் ஆலையில் வரும் இனிப்பு நீரில் கிளிசரின் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1000 கிலோவில் 150 கிலோ கிளிசரின். அதை 88 சதவீதத்துக்கு ஏற்றினால் கையில் நிற்பது 170 கிலோ. அப்படியென்றால் 830 கிலோ தண்ணீரைக் கொதிக்க வைத்துத் துரத்த வேண்டும். ஒரே பாத்திரத்தில் செய்தால் ஏறக்குறைய அதே எடைக்கு நீராவி போகும். அதனால்தான் ஒரு பாத்திரத்து ஆவியால் அடுத்த பாத்திரத்தைச் சூடாக்கும் மூன்றடுக்கு எவாப்பரேட்டர் போடுகிறார்கள், செலவு மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இறங்கும். சோப்பு லையாக இருந்தால் தண்ணீர் குறையக் குறைய உப்பு படிகமாக விழுந்து குழாயை அடைக்கும், அதைச் சென்ட்ரிஃபியூஜில் பிரித்துக் கழுவி மறுபடி சோப்பு போடவே அனுப்பிவிடுவார்கள்.

வடித்தலுக்கு ஏன் அவ்வளவு ஆழமான வாக்குவம்?

சாதாரண அழுத்தத்தில் கிளிசரின் 290 டிகிரியில் கொதிக்கும், ஆனால் அந்தச் சூட்டில் தானும் சிதைய ஆரம்பித்துவிடும். அழுத்தத்தை 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு இறக்கினால் 167 டிகிரியில் கொதிக்கும், 1 மில்லிமீட்டரில் 125 போதும். 200 டிகிரிக்கு மேலே, அதுவும் காரம் இருக்கும்போது, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு பாலிகிளிசரின் ஆகும். அமிலம் மிஞ்சியிருந்தால் தண்ணீரை இழந்து அக்ரோலின் ஆகும். அடுப்பில் எண்ணெய் கருகினால் கண்ணையும் தொண்டையையும் பிடிக்கிற நெடி இருக்கிறதே, அதில் அக்ரோலின் உண்டு. பிளான்டில் அந்த வாடை வந்தால் வாக்குவம் பம்ப்பைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபீடின், அதாவது உள்ளே விடும் சரக்கின், பிஎச்சைப் பாருங்கள்.

ஆகவே ஃபீடை லேசான காரத்தில் வைத்து ஓட்டுவதுதான் வழக்கம். கொஞ்சம் காஸ்டிக் இருந்தால் மிச்சமிருக்கும் கொழுப்பு அமிலமும் எஸ்டரும் சோப்பாகி, ஆவியாகாமல் அடியில் நின்றுவிடும். அளவு மீறினால் பாலிகிளிசரின், குறைந்தால் அக்ரோலினும் கொழுப்பு வாடையும். ஷிப்டுக்கு ஷிப்ட் பிஎச் எழுதி வைப்பது இதற்காகத்தான், ஆடிட்டுக்காக மட்டும் இல்லை.

மேலே வரும் ஆவியை முதல் கண்டென்சரில் குளிர்ந்த நீர் விட்டு அடக்கக் கூடாது. கண்டென்சரைச் சூடாகவே வைத்தால் கிளிசரின் மட்டும் திரவமாகும், தண்ணீர் ஆவியாகவே கடந்து அடுத்த கண்டென்சருக்குப் போகும். இந்தச் சின்னத் தந்திரத்தில்தான் 99.5 சதவீதம் கைக்கு வருகிறது.

அடியில் மிஞ்சுவது என்ன? எவ்வளவு நட்டம்?

உப்பு, சோப்பு, பாலிகிளிசரின், கூடவே பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்ட கிளிசரின். சூடாக இருக்கும்வரை ஓடும், ஆறினால் கல். முன்பு சொன்ன 80-10-7-3 சரக்கையே எடுங்கள்: ஒரு டன்னில் 70 கிலோ உப்பு. அந்த உப்போடு அதே எடைக்குக் கிளிசரின் போனால் 800-இல் 70 கிலோ அங்கேயே போயிற்று, பாலிகிளிசரினாக மாறுவது வேறு. அந்தக் கசடை மறுபடி துடைப்பான் சுழலும் மெல்லிய படல எவாப்பரேட்டரில் ஓட்டிக் கடைசிச் சொட்டை எடுப்பவர்கள்தான் தொழிலில் நிற்கிறார்கள். கழிவுநீருக்குள் கசடை விட்டால் அதன் சிஓடி, அதாவது கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, தாங்க முடியாத அளவுக்கு ஏறி ட்ரீட்மென்ட் பிளான்ட் பாக்டீரியாவே படுத்துவிடும்.

நிறமும் வாடையும்?

வாக்குவத்திலேயே நீராவி விட்டு வாடையைக் களைவார்கள். அப்புறம் 80 டிகிரியை ஒட்டி ஆக்டிவேட்டட் கார்பன், கடைசியில் நல்ல ஃபில்டர். கார்பனைக் கூட்டிக் கூட்டிப் போட்டு மோசமான வடித்தலைச் சரிக்கட்ட முடியாது, இன்றைக்குத் தண்ணீர் மாதிரி தெரிவது ஒரு மாதம் கழித்து மஞ்சளாகும்.

வடிக்காமல் அயனிப் பரிமாற்ற ரெசினிலேயே சுத்தம் செய்ய முடியாதா?

உப்பின் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்தான் ரெசின். உப்பு மிகக் குறைவாக இருந்தால் முடியும், கொழுப்பு உடைக்கும் ஆலையின் இனிப்பு நீருக்கு நன்றாக வேலை செய்யும். 5, 7 சதவீதம் உப்புள்ள கச்சாவில் விட்டால் ரெசின் சீக்கிரமே நிரம்பிவிடும். அதை மறுபடி உயிர்ப்பிக்க ஆசிட்டும் காஸ்டிக்கும், கழுவத் தண்ணீரும் என்று செலவு ஓடும், கழுவிய தண்ணீரை மறுபடி ஆவியாக்க வேண்டும். சோப்பும் எண்ணெயும் ரெசினை மூடிவிட்டால் அதுவும் போச்சு. மின்சாரத்தால் அயனிகளைச் சவ்வு வழியே இழுக்கும் எலக்ட்ரோடயாலிசிஸ் உப்பை முன்கூட்டியே குறைக்க உதவும், முழு வேலையையும் அதன் தலையில் கட்ட முடியாது.

99.5 வந்துவிட்டால் மருந்துக்கு விற்கலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கறாராகவே பதில் சொல்வேன்.

1986 ஜனவரி, பிப்ரவரியில் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் மூளை அழுத்தத்தைக் குறைக்கக் கிளிசரின் கொடுக்கப்பட்ட நோயாளிகளில் 14 பேர் இறந்தார்கள். அந்தக் கிளிசரினில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் கலந்திருந்தது, தொழிற்சாலைத் தரச் சரக்கு மருந்து என்ற பெயரில் உள்ளே போயிருந்தது. நீதிபதி லெண்டின் தலைமையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது அதற்காகத்தான். பத்து வருஷம் கழித்து ஹைட்டியில் காய்ச்சல் சிரப்பில் இதே கதை, சின்னக் குழந்தைகள் 80 பேருக்கு மேல் போனார்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்த இருமல் மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அங்கே புரொப்பிலீன் கிளைகால் சேர்த்த சிரப்பில் இதே விஷம் இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது.

எண்ணெயிலிருந்து வரும் கச்சாவில் டைஎத்திலீன் கிளைகால் இயல்பாக இருக்காது. கலப்படமாகவோ, முன்பு வேறு கெமிக்கல் ஏற்றிய டேங்கர், ட்ரம் வழியாகவோதான் நுழையும். அதுவும் நிறமற்றது, இனிப்பானது, கொழகொழப்பானது, கண்ணும் நாக்கும் பிரித்துச் சொல்லாது. அமெரிக்க மருந்துத் தரநூலான யுஎஸ்பி தரத்தில் இதற்கும் எத்திலீன் கிளைகாலுக்கும் தலா 0.1 சதவீதம்தான் உச்ச வரம்பு. 2009-லிருந்து அந்தச் சோதனையைப் பொருளை அடையாளம் காணும் கட்டத்திலேயே செய்ய வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். மீதி 0.5 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று கேஸ் குரோமடோகிராஃபியில் ஒவ்வொரு பேட்சுக்கும் பார்த்து, மருந்து உரிமம், தனி டேங்க், தனி குழாய், சீல் வைத்த ட்ரம் எல்லாம் இருந்தால்தான் அந்தச் சந்தைக்குள் போக வேண்டும்.

சின்னதாக ஒரு ஷெட் போட்டு ஆரம்பிக்கலாமா?

வடித்தல் வரைக்கும் என்றால் நான் வேண்டாம் என்பேன். வாக்குவம் சிஸ்டம், தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர், நல்ல உலோகம், லேப், கழிவுநீர் ஏற்பாடு எல்லாம் ஒரு நாளைக்கு ஒரு டன் ஓட்டினாலும் வேண்டும், பத்து டன் ஓட்டினாலும் வேண்டும். இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சுத்திகரித்த கிளிசரினே கப்பலில் வந்து இறங்குகிறது, அந்த விலையோடுதான் நீங்கள் மோத வேண்டும். ஆசிட் போட்டு, மெத்தனால் இழுத்து, உப்பை வடிகட்டி, நிலையான 80 சதவீதக் கச்சாவாக விற்பது என்றால் சின்ன ஆளுக்கும் இடம் இருக்கிறது. குஜராத்தின் தஹேஜில் 2022-இல் ஆரம்பித்த எபிகுளோரோஹைட்ரின் (எபாக்சி ரெசின் செய்ய உதவும் கெமிக்கல்) ஆலை மாதிரி கிளிசரினையே மூலப்பொருளாகக் கொண்ட பெரிய வாடிக்கையாளர்கள் இப்போது நாட்டுக்குள்ளேயே வந்திருக்கிறார்கள், சுத்திகரிப்பு ஆலைகளும் நிலையான ஃபீடுக்குத்தான் ஏங்குகின்றன.

சுத்திகரிக்காமல் கச்சாவை என்ன செய்யலாம்?

பயோகாஸ் டைஜஸ்டரில் சாணத்தோடு அளவாகச் சேர்த்தால் வாயு நன்றாகக் கூடும், அளவு மிஞ்சினால் டைஜஸ்டர் புளித்து நின்றுவிடும். சிமென்ட் அரைக்கும்போது சேர்க்கும் துணைப்பொருளிலும் போகிறது. மாட்டுத் தீவனத்துக்கு என்றால் மெத்தனால் அளவு பார்க்காத கச்சாவைத் தொடவே தொடாதீர்கள். அடுப்பெண்ணெயாகவும் எரிக்காதீர்கள், உப்பு பர்னரைத் தின்றுவிடும், அரைகுறையாக எரிந்தால் அக்ரோலின் வரும்.

சேமிப்பில் கவனிக்க வேண்டியது?

99.5 சதவீதச் சரக்கு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதனால் டேங்க் மூச்சுவிடும் குழாயில் சிலிக்கா ஜெல்லோ நைட்ரஜனோ வேண்டும். 20 டிகிரியில் அதன் பிசுபிசுப்பு தண்ணீரைப் போல 1400 மடங்கு, 60 டிகிரியில் சுமார் 80-க்கு இறங்கிவிடும், ஆகவே பம்ப் முக்கினால் பம்ப்பைத் திட்டாமல் சூட்டைப் பாருங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் மாதிரி ஆக்சிஜனேற்றிகளை ஒரே ரூமில் வைக்கவே கூடாது. இரண்டும் பட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

காலேஜ் புராஜெக்டுக்கு என்ன எடுக்கலாம்?

"கச்சா கிளிசரின் சுத்திகரிப்பு" என்று முழுசாக எடுத்தால் வாக்குவத்தில் மாட்டிக்கொள்வீர்கள், ஒரு செமஸ்டர் போதாது. ஒரே பயோடீசல் கச்சாவை ஹைட்ரோகுளோரிக், சல்ஃப்யூரிக், பாஸ்பாரிக் மூன்றாலும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சாம்பல், எம்.ஓ.என்.ஜி., பிரிய எடுத்த நேரம் மூன்றையும் அட்டவணை போடுங்கள். சாம்பலுக்கு குரூசிபிளும் மஃபிள் ஃபர்னஸும், கிளிசரினுக்கு சோடியம் பெரியோடேட் டைட்ரேஷனும் காலேஜ் லேபிலேயே நடக்கும். தண்ணீருக்கான கார்ல் ஃபிஷர் கருவி இல்லையென்றால் வெளி லேபில் கொடுத்து எடுங்கள். மூன்று சாம்பிளும் ஒரே ட்ரம்மிலிருந்து, நன்றாகக் கலக்கிய பிறகு, ஒரே நாளில் எடுத்ததாக இருக்கட்டும்.